தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள்: ஆய்வும் அரசுப் பணியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலும் சரி, ஓய்வுக்குப் பிறகு பள்ளிகளுக்குப் பேசப் போகும்போதும் சரி, ஜானகி அம்மாளைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். "இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர்" என்று செல்போனில் சுற்றும் ஒரு வரியோடு பலருக்கு அவர் முடிந்துவிடுகிறார். அந்த வரி சரியில்லை. அதைவிடப் பெரிய வேலைகளை அவர் செய்திருக்கிறார். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஜானகி அம்மாள்னா கணித மேதை ராமானுஜத்தோட மனைவிதானே?

இல்லை. ராமானுஜத்தின் மனைவி பெயரும் ஜானகி அம்மாள்தான். காலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. நாம் பேசுவது இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றி. 1897 நவம்பர் 4 அன்று பிறந்தவர், 1984 பிப்ரவரியில் மறைந்தவர். தாவரங்களின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளை, ஆராய்ந்தவர். சுதந்திர இந்தியாவில் தாவர ஆய்வுக்கான அரசு அமைப்பைத் திருத்தி அமைக்க அழைக்கப்பட்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

"அம்மாள்"னு இருக்கே, தமிழரா மலையாளியா?

மலையாளி. பிறந்த ஊர் தலச்சேரி. இ.கே. என்பது இடவலத்து கக்காட்டு என்ற குடும்பப் பெயர். அப்பா நீதித்துறையில் இருந்தவர், செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். தலச்சேரி அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனால் மேல்படிப்புக்குச் சென்னைக்கு வந்தது இயல்பான விஷயம்.

ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் 1921ல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார். சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கோயம்புத்தூரில் ஐந்து ஆண்டு, கடைசிக் காலத்தில் மறுபடி சென்னை. மலையாளியாக இருந்தாலும் அவருடைய வேலையில் ஒரு பெரும் பகுதி தமிழ் மண்ணில் நடந்தது.

அந்தக் காலத்துல ஒரு பொண்ணு எப்படி அமெரிக்கா வரைக்கும் போய்ப் படிச்சாங்க? பணக்கார வீடா?

வசதியான வீடுதான், ஆனால் அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது உதவித்தொகை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. அதைப் பெற்று 1920களின் நடுவில் அங்கே முதுகலை முடித்தார். ஊருக்குத் திரும்பிப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் மறுபடி பாடம் நடத்தினார். பிறகு அதே உதவித்தொகையின் ஆய்வு நிலையில் மீண்டும் போனார்.

அவருடைய சகோதரிகள் திருமணம் செய்துகொண்டார்கள், இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். இதைச் சொன்னதும் சில பெற்றோர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அன்றைக்கு அது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அவங்க டாக்டர் பட்டம் கௌரவப் பட்டம்தானே?

இரண்டு வேறு பட்டங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. 1931ல் மிச்சிகனில் அவர் வாங்கிய டி.எஸ்சி. (அறிவியல் முனைவர்) பட்டம் ஆய்வேடு எழுதி, உழைத்து வாங்கியது. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்கள்தான் ஆய்வுப் பொருள். அதே பல்கலைக்கழகம் 1956ல் கொடுத்த எல்.எல்.டி. பட்டம்தான் கௌரவப் பட்டம்.

குரோமோசோமை எண்ணுறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா சார்?

ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டது. நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளரும் வேரின் நுனியைக் கிள்ளி எடுத்து, அமிலத்தில் மென்மையாக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். செல் பிரிகிற அந்தச் சமயத்தில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். ஒரு நல்ல தகடு கிடைக்க நாள் முழுக்கப் போகும். கத்தரிக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20 என்று எண்ணிக்கை சிறிதாக இருந்தால் பரவாயில்லை. கரும்பில் எண்பது, நூறு என்று போகும்.

எண்ணி என்ன பயன்? எந்தச் செடியை எந்தச் செடியோடு சேர்த்தால் விதை பிடிக்கும், பிறக்கும் கலப்பினம் மலடாகுமா ஆகாதா என்பதை அந்த எண் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடும். இரண்டு செடிகள் உறவா இல்லையா, ஒரு செடி எங்கிருந்து பரவி வந்தது என்பதற்கும் அது சாட்சி. சில செடிகளில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு, எட்டு என்று பெருகி இருக்கும். இதைப் பன்மடியம் என்கிறோம். ஜானகி அம்மாள் வாழ்நாள் முழுக்கத் துரத்தியது இந்தப் பன்மடியத்தைத்தான். கீழே வரும் கரும்பு, மாக்னோலியா என்ற பூமரம், இமயமலைச் செடிகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கினது அவங்கதான்னு படிச்சேன். உண்மையா?

இல்லை. இதைத் திருத்துவதால் அவர் பெருமை குறைந்துவிடாது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியது. அங்கே வேலை செய்த சி.ஏ. பார்பரும் (உதவித்தொகையின் பார்பர் வேறு) டி.எஸ். வெங்கட்ராமனும் "வெள்ளை" என்ற கரும்பு ரகத்தையும், ஆற்றங்கரையில் களையாக வளரும் நாணலையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அது 1918ல் பஞ்சாப் விவசாயிகளுக்குப் போனது. வெப்ப நாட்டுத் தடித்த கரும்பு வடக்கின் குளிரைத் தாங்காது. தாங்கும் குணத்தைக் கொடுத்தது அந்த நாணல். ஜானகி அம்மாள் கோயம்புத்தூருக்கு வந்தது 1934ல், அதாவது இதெல்லாம் நடந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் பேராசிரியர்.

அப்படியானால் அவர் அங்கே செய்தது என்ன? பார்பரும் வெங்கட்ராமனும் வயலில் வெற்றி பெற்ற கலப்பு ஏன் வெற்றி பெற்றது என்பதைச் செல்லுக்குள் போய்ப் பார்த்தார். நாணல் என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் புல்லில், இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. 40ல் தொடங்கி 120ஐத் தாண்டிப் போகும். தடித்த கரும்பில் 80. நாணல் எப்படிப் பரவியது, எங்கே பெருகி வேறுபட்டது என்பதை இந்த எண்களை வைத்து ஆராய்ந்தார். கரும்பைப் பல புல் இனங்களோடு கலந்தார். மக்காச்சோளத்தோடு கலந்ததை 1938ல் நேச்சர் இதழில் அறிவித்தார்.

அந்தக் கரும்பு–மக்காச்சோளக் கலப்பு வயலில் பயிராக நிற்கவில்லை. அதனால் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவ்வளவு தூரத்து உறவுகளைக்கூடச் சேர்க்க முடியும் என்று காட்டியது, கரும்புக்கு வெளியே போய் நல்ல குணங்களைத் தேடலாம் என்ற கதவைத் திறந்துவிட்டது.

ஆராய்ச்சி நல்லாத்தானே போச்சு, அப்புறம் ஏன் கோயம்புத்தூரை விட்டுப் போனாங்க?

1939ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். அந்த நேரத்தில் போர் தொடங்கியது, அங்கேயே தங்கிவிட்டார். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு துறையில், திருமணமாகாத பெண், அதுவும் அன்று தாழ்வாகப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். சகாக்களோடு ஒத்துப்போவது சுலபமாக இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் 1935லேயே, சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

லண்டன்ல என்ன செஞ்சாங்க? ஒரு பூவுக்கே அவங்க பேர் இருக்காமே?

1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் குரோமோசோம் ஆய்வாளர் சி.டி. டார்லிங்டனோடு வேலை. குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1945ல் இருவரும் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார்கள். அதில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் அவர்களே எண்ணினார்கள் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பலர் எண்ணியதைத் தேடித் திரட்டி, சரிபார்த்து, தங்கள் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரே புத்தகமாக்கினார்கள். பயிர் இனப்பெருக்கம் செய்கிறவர் மேசையில் வைத்துப் புரட்டுகிற புத்தகம் அது. இப்படிப்பட்ட தொகுப்பு வேலைக்கு நம் ஊரில் மதிப்புக் குறைவு, ஆனால் ஒரு துறை நிற்பது அதன் மேல்தான்.

1945ல் இங்கிலாந்தின் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்குச் செல்லியல் ஆய்வாளராகப் போனார். சம்பளம் பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அங்கே அவர்தான். கால்ச்சிசின் என்ற பொருள், செல் பிரியும்போது குரோமோசோம்கள் இருபக்கம் பிரிந்து போவதைத் தடுத்துவிடும், தொகுதி இரட்டிப்பாகிவிடும். (நம் செங்காந்தளிலும் இந்தப் பொருள் உண்டு, செங்காந்தள் விதை ஏற்றுமதியாவது இதற்காகத்தான்.) அதை மாக்னோலியா நாற்றுகளில் பயன்படுத்திப் பார்த்தார். அப்படி வந்த, இதழ் தடித்த வெள்ளைப் பூ பூக்கும் ஒரு வகைக்குத்தான் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேரு கூப்பிட்டு பொட்டானிக்கல் சர்வேக்குத் தலைவராக்கினாராம், சரியா?

முதல் பாதி சரி. 1951ல் நேருவின் அழைப்பின் பேரில் திரும்பி வந்தார். 1952 அக்டோபரில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் சிறப்புப் பணி அலுவலராகப் பொறுப்பேற்றார். சுருக்கமாக பி.எஸ்.ஐ. என்பார்கள். அமைப்பைத் திருத்தி அமைக்கத் திட்டம் கொடுப்பது அந்தப் பதவியின் வேலை. பிறகு அலகாபாத்தில் இருந்த மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். முழு அமைப்புக்கும் தலைமை வேறு ஆட்களுக்குப் போனது. "பி.எஸ்.ஐ. தலைவர்" என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பொறுப்புகளையும் கலந்துவிடுகிறார்கள்.

அவர் ஏன் தேவைப்பட்டார் என்று புரிய, பி.எஸ்.ஐ. பிறந்த கதை தெரிய வேண்டும். 1890ல் ஆங்கில அரசு தொடங்கியது. அன்றைய கணக்கில் தாவரம் என்பது வருமானம்: சின்கோனா (மலேரியா மருந்து தரும் மரம்), ரப்பர், மரம். சேகரித்த மாதிரிகளில் முக்கியமானவை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டம் போன்ற இடங்களுக்குப் போய்விடும். நம் ஊர்ச் செடியின் பெயரை உறுதி செய்ய நம் ஆராய்ச்சியாளர் கப்பலேற வேண்டிய நிலை. சுதந்திரம் வந்த சமயத்தில் அமைப்பு கிட்டத்தட்டப் பெயரளவில்தான் இருந்தது. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அங்கங்கே உள்ளவர்களே சேகரித்து, மாதிரிகளை இங்கேயே வைத்து ஆராய வேண்டும் என்ற திசையில் அவர் வேலை செய்தார். 1954ல் அமைப்பு புதிதாக உருவெடுத்தது. அடுத்தடுத்து கோயம்புத்தூர், புனே, ஷில்லாங், டேராடூன் என்று மண்டல மையங்கள் வந்தன. திட்டத்தில் அவர் விரும்பியபடி எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனாலும் இன்று ஒரு ஆய்வு மாணவர் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய்ச் செடியை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்றால், அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் அவர் இருக்கிறார்.

மெட்ராஸ் ஹெர்பேரியம்னு பேர், ஆனா இருக்கிறது கோயம்புத்தூர்ல. எப்படி?

ஹெர்பேரியம் என்றால் செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் எடுத்தது என்று எழுதி அடுக்கி வைக்கும் இடம். சென்னை மாகாணத்தின் தொகுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்தது, பெயர் மட்டும் மெட்ராஸ் என்றே நின்றுவிட்டது. மேலே சொன்ன மறுசீரமைப்பில், 1955ல் பி.எஸ்.ஐ.யின் தென் மண்டலம் அங்கே தொடங்கியது. 1957ல் ஹெர்பேரியம் அதன் பொறுப்புக்கு வந்தது.

அரசு அதிகாரி ஆனதும் ஆராய்ச்சியை விட்டுட்டாங்களா?

விடவில்லை. விஸ்லி காலத்திலிருந்தே ரோடோடென்ட்ரான் போன்ற இமயமலைச் செடிகளைப் பார்த்து வந்தவர், மலையின் இரண்டு கோடிகளையும் ஒப்பிட்டார். வடமேற்கு இமயம் குளிரும் வறட்சியும். வடகிழக்கு குளிரும் ஈரமும். வடகிழக்கில் புதிய இனங்கள் அதிகம் தோன்றியதற்குப் பன்மடியம் ஒரு காரணம் என்றும், சீன, மலாய்த் தாவரங்கள் இந்தியத் தாவரங்களோடு அங்கே வந்து கலந்ததும் காரணம் என்றும் விளக்கினார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1955ல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றியிருக்கிறான் என்பது பற்றிப் பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் இவர். குரோமோசோம் பற்றிப் பேசவில்லை. சந்தைக்காக அல்லாமல் தங்கள் தேவைக்கென்று பயிர் செய்து, காட்டில் சேகரித்து வாழும் இந்திய மக்களின் வாழ்முறை பற்றிப் பேசினார். பழங்குடி மக்களுக்குத் தெரிந்த செடி அறிவைத் திரட்டும் வேலையை பி.எஸ்.ஐ.யில் தொடங்கி வைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் செய்தித்தாள்களில் புழங்காத காலம் அது.

ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருந்தாங்களா? பத்மஸ்ரீ எப்ப கிடைச்சுது?

ஜம்மு மண்டல ஆய்வுக்கூடத்தில் சிறப்புப் பணி, டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கொஞ்ச காலம். 1970ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்து, கடைசி வரை அங்கேயே வேலை செய்தார். எளிமையான வாழ்க்கை. பத்மஸ்ரீ 1977ல், அப்போது வயது 79.

சைலண்ட் வேலியைக் காப்பாத்தினது அவங்கதானே?

அவர் மட்டும் இல்லை. சைலண்ட் வேலி என்பது பாலக்காட்டு மலையில் உள்ள ஒரு மழைக்காடு. அங்கே குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம். எதிர்த்தவர்கள் பலர்: கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் அமைப்பு, கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி, பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள். ஒருவருக்கே பட்டம் கட்டினால் மற்றவர்கள் உழைப்பை மறைத்துவிடுவோம்.

ஜானகி அம்மாள் தன் பங்குக்குச் செய்தது, தனக்குத் தெரிந்த வேலையை. எண்பது வயதில், அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியில் இறங்கினார். தண்ணீரில் மூழ்கினால் எது போகும் என்பதற்கு ஒரு பதிவு வேண்டும் அல்லவா? 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கரும்பு விளைச்சலுக்காக வேலை செஞ்ச அரசு விஞ்ஞானி, அரசோட அணையையே எதிர்த்தது முரண்பாடு இல்லையா?

இதைக் கேட்டவர் ஒரு பொறியாளர், கோபமாகவே கேட்டார். அவரிடம் நான் கரும்பு பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போகச் சொன்னேன். கோ 205க்கு வலிமை கொடுத்தது யாரும் விதைக்காத நாணல். அது இல்லாவிட்டால் அந்த ரகமே இல்லை. இன்றும் கரும்புக்கு நோய் எதிர்ப்பு வேண்டும் என்றால் காட்டு உறவுகளைத்தான் தேடிப் போகிறார்கள். எந்தக் காட்டுச் செடி நாளை எந்தப் பயிரைக் காப்பாற்றும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. பயிர் இனப்பெருக்கத்தை உள்ளே இருந்து பார்த்தவருக்கு, ஒரு மழைக்காட்டை மூழ்கடிப்பது கிடங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் தீ வைப்பது மாதிரி. அவருடைய இரண்டு வேலைகளும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

அரசுப் பணியில் இருந்தவர் அரசை எதிர்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. அவர் அப்போது ஓய்வு பெற்றவர். தவிர, அரசு அவரை அழைத்ததே நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கத்தான். கணக்கு சொல்வதை அவர் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

அவங்க வேலையை இன்னிக்கு எங்கே போய்ப் பார்க்கலாம்?

விஸ்லி தோட்டத்தில் அவர் காலத்து மாக்னோலியாக்கள் இளவேனிலில் பூக்கின்றன. ஜம்முவில் உள்ள ஹெர்பேரியத்துக்கு அவர் பெயர். உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் துறையான வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசு தரும் தேசிய விருதும் 2000ஆம் ஆண்டிலிருந்து அவர் பெயரில் இருக்கிறது. கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்கம் செய்யும் ஒரு தம்பதி, தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாத மாணவர்களுக்கு நான் சொல்வது: கோயம்புத்தூர் போனால் வேளாண் பல்கலைக்கழகப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு, கல்லூரிக் கடிதத்தோடு, முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள். உங்கள் ஊர்ச் செடி ஒன்றின் தாவரவியல் பெயரை எழுதிக்கொண்டு போய், அதன் தாளை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் சேகரித்தவர் பெயர், தேதி, ஊர் எல்லாம் இருக்கும். உங்கள் ஊரே இருந்தாலும் இருக்கும்.